ஐந்து நாள் டிக்கெட் துரை

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே துரை மைதானத்துக்குள் வந்துவிடுவார். முதல் வேலை கொடி கட்டுவது. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, குறுக்கே அவருடைய ஊர்க் கால்பந்து அணியின் பெயர். டிவி கேமரா எந்தப் பக்கம் அதிகம் திரும்பும் என்று நோட்டம் பார்த்து, அதற்கு நேராகக் கம்பி வேலியில் இழுத்துக் கட்டுவார். பிறகு மூக்கில் தாராளமாக சன் க்ரீம் பூசிக்கொள்வார். காதுகளை மட்டும் மறந்துவிடுவார். லஞ்ச் நேரத்தில் பார்த்தால் அந்தக் காதுகளும் கொடியின் சிலுவையும் ஒரே நிறத்தில் இருக்கும்.

இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் பின்னாலேயே ஊர் ஊராகப் போகிற ரசிகர் இவர். கூட்டத்துக்குப் பெயர் பார்மி ஆர்மி. கிறுக்குப் பட்டாளம் என்று வைத்துக்கொள்ளலாம். 1994-95 ஆஷஸ் தொடரின்போது ஆஸ்திரேலியப் பத்திரிகைக்காரர்கள் சூட்டிய பெயர் இது. அடி மேல் அடி வாங்கும் அணிக்காக இந்த மனிதர்கள் ஏன் இப்படித் தொண்டை கிழியப் பாடுகிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. பட்டாளத்துக்கோ பெயர் பிடித்துப்போனது. டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

உள்ளூர்க்காரர்கள் ஸ்கோரைக் காட்டிக் கேலி செய்தால், ஒரு பவுண்டுக்கு எத்தனை ஆஸ்திரேலிய டாலர் கிடைக்கும் என்பதைப் பாட்டாகவே பாடிக் காட்டுவார்கள். மைதானத்தில் ஜெயிக்காவிட்டால் என்ன, நாணய மாற்றுக் கவுன்டரில் ஜெயிக்கலாமே!

மற்றபடி இவர்களுடைய ஆயுதங்கள் அவ்வளவாகப் பலித்ததில்லை. 2006-இல் பிரிஸ்பேன் மைதானத்தில் ட்ரம்பெட் ஊதியவரைப் பாதுகாவலர்கள் வெளியே அனுப்பினார்கள். அந்தத் தொடரில் இங்கிலாந்து 0-5 என்று தோற்றது. ஆஸ்திரேலிய பௌலர் மிட்சல் ஜான்சன் பந்தை எங்கெங்கோ போடுவார் என்று கிண்டலாக ஒரு பாட்டு கட்டி வைத்திருந்தார்கள். 2013-14-இல் ஜான்சன் எடுத்தது 37 விக்கெட். மறுபடியும் 0-5. பாட்டு நிற்கவில்லை என்பதுதான் துரையின் சிறப்பு.

தோற்பதெல்லாம் அவருக்குப் பழகிப்போன சங்கதி. பொறுக்க முடியாதது ஆட்டமே நடக்காமல் போவது.

அதற்கும் அவருக்கு அனுபவம் உண்டு. 1998 ஜனவரியில் ஜமைக்காவின் சபைனா பார்க்கில் பிட்ச் மேலும் கீழுமாகப் பந்தை எகிற வைத்ததால் 10.1 ஓவரில் டெஸ்டையே ரத்து செய்தார்கள். 2009-இல் அதே மைதானத்தில் டெஸ்ட் ஒழுங்காக நடந்தது. இங்கிலாந்து 51 ரன்னுக்கு ஆல் அவுட். சரி, அடுத்த தீவில் பார்த்துக்கொள்வோம் என்று ஆன்டிகுவா போனார் துரை. விவியன் ரிச்சர்ட்ஸ் பெயரில் கட்டிய புது ஸ்டேடியம். அவுட்ஃபீல்டு முழுக்க மணல். பௌலர்களால் ஓடிவரவே முடியவில்லை. பத்தே பந்து. ஆட்டம் ரத்து! அட்லான்டிக்கைத் தாண்டி வந்து பத்து பந்து பார்த்தவர்கள், சுற்றிலும் கடற்கரையாக இருக்கும் தீவில் மைதானத்துக்குள்ளும் மணலைக் கொட்டுவானேன் என்று கேட்டிருந்தால் தப்பில்லை.

2016-இல் இந்தியா வந்தபோது கதை வேறு. முதல் டெஸ்ட் ராஜ்கோட்டில், நவம்பர் 9-ஆம் தேதி. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குத்தான் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. பவுண்டின் பெருமையைப் பாடித் திரிந்த பட்டாளத்தின் சட்டைப் பையில் அன்று இருந்தது வெறும் காகிதம். போதாக்குறைக்கு குஜராத்தில் மதுவிலக்கு. காசும் இல்லை, பீரும் இல்லை. கிரிக்கெட்டை மட்டுமே பார்க்க வேண்டிய நிலைமை துரைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அங்கேதான் வந்திருக்கும்.

கடைசி டெஸ்ட் நம்ம சேப்பாக்கத்தில். வர்தா புயல் ஊரைப் புரட்டிப் போட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. தணல் கரியைக் காட்டி பிட்சை உலர்த்தினார்கள். இங்கிலாந்து 477 அடித்ததும் துரைக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்புறம் கருண் நாயர் வந்தார். 303 நாட் அவுட். இந்தியா 7 விக்கெட்டுக்கு 759. அந்த 477-க்குப் பிறகும் இன்னிங்ஸ், 75 ரன் தோல்வி. சேப்பாக்கம் 1999-இல் பாகிஸ்தான் அணிக்கே எழுந்து நின்று கைதட்டிய மைதானம். பக்கத்து இருக்கை மாமா துரையை மட்டும் விட்டுவிடுவாரா? “கவலைப்படாதீங்க சார், உங்க ஜோ ரூட் பேட்டிங் டெக்னிக் ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்று ஆரம்பித்தால், பேச்சு 1977-இல் இங்கே நடந்த டெஸ்டில் போய்த்தான் நிற்கும்.

இந்த ரூட்டின் அணியைப் பார்ப்பதற்காகவே ஒரு ரசிகர் இலங்கையில் பத்து மாதம் தங்கினார் என்றால் நம்பத்தான் வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் தொடர் தள்ளிப்போனதும் மற்றவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள், அவர் அசையவில்லை. 2021 ஜனவரியில் காலி நகர மைதானத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. கோட்டை மதில்மேல் ஏறினார், போலீஸ் இறக்கிவிட்டது, விடாமல் மறுபடி ஏறினார். ரூட் 228 அடித்து, மதிலைப் பார்த்து மட்டையையும் உயர்த்தினார். பத்து மாதம் தங்கியதற்கு அதுதான் ரசீது.

கடைசியாக 2025-26 ஆஷஸ். பெர்த்தில் முதல் டெஸ்ட் இரண்டே நாளில் தீர்ந்தது. ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 83 பந்தில் 123. மூன்றாம் நாள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு துரை கடற்கரைக்குப் போனார். மெல்பர்னிலும் இரண்டே நாள்தான், ஆனால் இந்த முறை ஜெயித்தது இங்கிலாந்து. ஆஸ்திரேலிய மண்ணில் 2011 ஜனவரிக்குப் பிறகு முதல் டெஸ்ட் வெற்றி! அத்தனை வருஷமாக ஒவ்வொரு தோல்வியையும் முழுசாக உட்கார்ந்து பார்த்த துரைகளில், கூட்டம் குறையட்டும் என்று மூன்றாம் நாளுக்கு டிக்கெட் எடுத்தவர்களும் இருப்பார்கள். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும். விமானக் கட்டணத்தைப் பற்றி வீட்டம்மாவிடம் என்ன சொல்வது?

2027 மார்ச்சில் அதே மெல்பர்னில், உலகின் முதல் டெஸ்ட் நடந்த 150-ஆவது ஆண்டு நிறைவுக்காக இரு அணிகளும் பகலிரவு டெஸ்ட் ஆடப்போகின்றன. துரை இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார், ஐந்து நாளுக்கும் சேர்த்து.