கயிறு கட்டுகிற வேலை

ராணுவ போலீஸில் இருந்த காலத்தில் தலையில் சிவப்புத் தொப்பி, இடுப்பில் வெள்ளை பெல்ட். பெங்களூர் மையத்தில் பயிற்சி முடித்து வெளியே வந்த பிறகு, நடுச்சாலையில் நின்று கையை நீட்டினால் கான்வாய் முழுக்க நிற்கும். கர்னலின் ஜீப் வந்தாலும் நிற்கும். ஏன் நிறுத்தினாய் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் அதிகாரம் ராணுவத்தாரோடு முடிந்துவிடும், ஆனால் அந்த எல்லைக்குள் அது முழு அதிகாரம்.

பிறகு தமிழ்நாடு போலீஸின் காக்கி போட்டு வெம்பக்கோட்டை சாலையில் நின்றேன். கையை நீட்டினேன். ஆட்டோ நின்றது. உள்ளே சாக்குக்குக் கீழே, பட்டாசுக்கு உரிமமில்லாமல் சுற்றிய கருந்திரிக் கட்டுகள். ஓட்டி வந்தவன் எனக்குச் சித்தப்பா முறைக்காரரின் மகன். “அண்ணே, நம்ம வண்டிதாண்ணே” என்றான். ராணுவத்தில் இப்படி ஒரு சூழ்நிலைக்கு எந்த உஸ்தாதும் பயிற்சி கொடுக்கவில்லை.

நான் பட்டாளத்துக்குப் போனபோது எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல் பிரித்துக் காமராஜர் மாவட்டம் ஆக்கினார்கள். பென்ஷனோடு திரும்பி வந்தபோது அது விருதுநகர் மாவட்டமாகியிருந்தது. முன்னாள் படைவீரனுக்கு அன்று எங்கள் பக்கம் தெரிந்த வேலை வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பதுதான். நான் காவலர் தேர்வில் முன்னாள் ராணுவத்தாருக்கு உள்ள ஐந்து சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்களோடு மறுபடியும் இரண்டாம் நிலைக் காவலர். ஏட்டாகி, சிறப்பு எஸ்.ஐ. ஆகி ஓய்வு பெற்றேன். பல இரவுகளில் நிலையத்தில் இருந்தவர்களில் மூத்தவன் நான். முதல் தகவல் வந்தால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியவனும் நான்தான்.

எங்கள் பக்கம் அந்தத் தகவல் பல நேரம் பட்டாசு ஆலை விபத்தாகத்தான் இருக்கும். அது எப்படி நடக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதல் வெடி பெரும்பாலும் ஓர் அறையில் நடக்கும். மருந்து கலக்கும்போதோ செலுத்தும்போதோ உராய்வு. அந்த அறையில் இருந்தவர்களைக் காப்பாற்ற யாராலும் முடியாது. அதன்பின் தீ, முற்றத்தில் காயப்போட்டிருக்கும் சரக்கைப் பிடிக்கும். பக்கத்து அறைக்குப் போகும். கடைசியில் குடோனுக்குப் போகும். பெரிய வெடி அங்கேதான். முதல் வெடிக்கும் இந்தக் கடைசி வெடிக்கும் நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் சுற்றுப்பட்டி ஜனம் மொத்தமும் பைக்கில் வந்து வேலிக்கு வெளியே நிற்கும்.

2012 செப்டம்பர் 5, சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை. ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். புகையைப் பார்த்து உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அன்று எனக்கு வேறு பக்கம் பந்தோபஸ்து. ஆனாலும் அந்தச் செய்தியை என்னால் கடந்து போக முடியவில்லை. ஏனென்றால் அவர்களைப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய வேலை, ராணுவ போலீஸில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை. வெடிக்காத குண்டு கிடந்தால் முதலில் கயிறு கட்டு. முதுகு குண்டின் பக்கம், முகம் ஆட்களின் பக்கம். யாரையும் உள்ளே விடாதே. அவ்வளவுதான் பாடம்.

பட்டாளத்தில் கயிறு கட்டினால் சிப்பாய் நிற்பான். இங்கே, “ஏட்டையா, எம்மக உள்ள இருக்கா, விடுங்கய்யா” என்று மாரில் அடித்துக்கொண்டு வருகிற தாயை எப்படி நிறுத்துவது? லத்தியைக் குறுக்கே பிடிப்பதில் பயனில்லை. நாங்கள் செய்தது வேறு. ஒவ்வொரு ஊரிலும் நாலு பையன்களையும் மகளிர் குழுத் தலைவியையும் முன்கூட்டியே பழக்கி வைத்தோம். வெடிச் சத்தம் கேட்டால் பாதையை மறிக்க வேண்டியது அவர்கள். காக்கிச் சட்டைக்கு நகராத கூட்டம் தெருக்காரப் பிள்ளை சொன்னால் நகர்ந்தது. தலைமை தாங்குவது என்றால் என்னவென்று எனக்கு அந்த ஊர்களில்தான் புரிந்தது.

கருந்திரி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுத் திண்ணையில் திரி சுற்றுகிற பெண், மகளிர் குழுக் கடனைக் கட்டுவதற்காகச் சுற்றுகிறாள். அவளைப் பிடிப்பது எளிது, வழக்கு எண்ணிக்கையும் கூடும். அந்தத் திரியை வாங்குகிறவன், உரிமத்தைத் தன் பேரில் வைத்துக்கொண்டு அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகிறவன், ஓர் அறைக்கு நாலு பேர் என்ற விதியை மறந்து மரத்தடியில் ஆட்களை வரிசையாக உட்கார வைக்கிறவன், இவர்களைப் பிடிப்பது கஷ்டம். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் 20 பேருக்கு மேல் இறந்தபோதும் இந்த உள்குத்தகைப் பேச்சுதான் ஊரெங்கும். வெடிபொருளை அஜாக்கிரதையாகக் கையாண்டதற்கு அன்று இ.பி.கோ. 286-ன் கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 288-லும் அதே ஆறு மாதம்தான், அபராதம் மட்டும் ஐயாயிரம். உயிர்ச்சேதம் ஆனால் வேறு பிரிவுகள் சேரும், உண்மை. ஆனால் சாவுக்கு முன்னால் அஜாக்கிரதையைத் தடுக்க நம் கையில் இருக்கிற இந்தப் பிரிவு இவ்வளவு மெலிந்தது என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சித்தப்பா மகன் மேல் வழக்கு போட்டேன். இன்றுவரை அந்த வீட்டு விசேஷத்துக்கு எனக்கு அழைப்பில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் வழக்கு போட்டதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் திரி வெடித்திருந்தால் முதலில் போயிருப்பது அவன்தான்.

2021-ல் ராணுவ போலீஸில் முதல் பெண்கள் அணி பயிற்சி முடித்து வெளிவந்தது. இப்போது எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். போங்கள் என்கிறேன். திரும்பி வந்து காக்கியும் போடுங்கள் என்கிறேன். கயிறு கட்டத் தெரிந்த ஆட்கள் இந்த மாவட்டத்துக்கு இன்னும் நிறைய வேண்டும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புகை எழுந்தால் அந்தப் பக்கம் ஓடாதீர்கள். செல்போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். 112-க்குச் சொல்லிவிட்டு, வண்டிகளை ஒதுக்கி, தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் பாதை விடுங்கள். உள்ளே சொந்த ரத்தம் இருந்தாலும், குடோன் வெடித்து அடங்கும்வரை கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.