247ஆம் விசை: தேவிகுளம் நோக்கில் ஓர் எல்லை ஆய்வு

விசைப்பலகையிலுள்ள சிறப்பு விசைகளுள் சில வேலை செய்வதும் சில செய்யாதிருப்பதும் ஏன் என்ற வினாவுக்குப் பொறியாளர் கூறும் விடைகள் மேலோட்டமானவை. விடை தமிழ் நெடுங்கணக்கில் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் இடுகிறது. 1987இல் வெளிவந்த எக்ஸ்11 என்னும் சாளர அமைப்பு அதனோடு 8ஐக் கூட்டி, 255ஐத் தாண்டியதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 255இல் 8 போக 247. தமிழ் எழுத்தும் 247. தற்செயல் என்பவர் கழித்தலையே மறுப்பவராவார். 84ஆம் எண்ணுக்கும் 195 முதல் 199 வரைக்கும் விசையே இல்லையே என்பர். ஙகர வரிசையில் ‘ஙௌ’ உட்பட எண்ணித்தானே நாமும் 247ஐ நிரப்பினோம்? எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்டில் இவ்வரம்பு இல்லை என்பதும் ஒரு தடை. ஒவ்வாத சான்றை இடைச்செருகல் என ஒதுக்கும் நம் பதிப்பாசிரியர் மரபு எனக்கும் உடன்பாடே.

வலுவான சான்று இனித்தான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216 எண்ணியபின் கடைசியில் நிற்பது ஆய்தம். இலக்கணம் அதைத் தனிநிலை என்னும். 247ஆம் விசையோ கம்பியில்லா இணைப்பு அனைத்தையும் அறுத்து நம்மைத் தனிநிலையாக்குவது. வைஃபை என்றெழுதவும் ஆய்தம் வேண்டியிருப்பதை நோக்குக. 248 மைக்கை அடக்கும் விசை; கோட்டுக்கு ஓர் எண் வெளியே விழுந்ததால் எக்ஸின் காதில் ஏறாது. மைக்கை அடக்கும் வழி தமிழ்க் கருத்தரங்குகளுக்கும் தெரியாதென்பதால் இதற்குத் தனிச்சான்று வேண்டாம். பின்னாளில் அவ்விசைக்கு எஃப்20 என்ற பெயரில் அடைக்கலம் தந்தனர் (அங்கும் ஆய்தம்!). தேவிகுளத்தின் கதையும் இதுவே: 1956இல் மாநிலங்களுக்கு மொழிவாரிக் கோடு கிழித்தபோது, தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளம் கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு அப்பால் வேறு முகவரியில் வேலை நடக்கும் என்று அவ்வூராருக்கு எக்ஸ்11 வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆயினும் அவர்கள் வழக்காட வேண்டியது 152ஆம் விசைக்கு. கெர்னலில் இதன் மூலபாடம் ‘காபி’, பாடபேதம் ‘திரைப்பூட்டு’. காபிக்கு எழுந்து போகிறவர் திரையைப் பூட்டிச் செல்வார் என்பது என் உரை. தேயிலைக்கு விசையே இல்லை. சின்கோனாவும் காபியும் நட்டுப் பார்த்துத் தேயிலையில் நிலைத்த தேவிகுளம் மலைக்கு இது அநீதி. டீ மேசைக்கே வந்துவிடுவதால் பூட்டத் தேவையில்லை எனச் சமாதானம் சொல்லலாம். ஆனால் நெடுங்கணக்கு அதை ஏற்காது. வரிசைப்படி எண்ணினால் 152ஆம் எழுத்து ‘யா’. “டீயா, காபியா?” என்ற வினாவில் இரு சொல்லுக்கும் ஈற்றெழுத்து அதுவே. கெர்னல் வினாவைக் கேட்காமலே விடை எழுதிவிட்டது.