ஃபில்டரும் ஜி.டி. நாயுடுவும்

கேள்வி: ஏனுங்க, ரட்ஜ் மோட்டார் சைக்கிளைத் தானே பிரித்து மாட்டிய ஜி.டி. நாயுடு பிறந்த மண்ணுங்க இது. ஒரு ஃபியூயல் ஃபில்டரை மாற்ற நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகணுமாக்கும்? (வாசகர், பீளமேடு)

பதில்: அதை உங்கள் துணிச்சல் முடிவு செய்யாது, வண்டிதான் முடிவு செய்யும். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 என்றால், பெட்ரோல் குழாயின் நடுவிலுள்ள சின்ன ஃபில்டரைக் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, புதியதன் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க மாட்டிவிடலாம். பல டீசல் கார்களிலும் பானட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். ஆனால் இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அது டேங்குக்குள் பம்போடு குடியிருக்கிறது. குழாயில் சுமார் 3, 4 பார் அழுத்தம். அதை இறக்காமல் கழற்றினால் முகத்துக்கு பெட்ரோல் அபிஷேகம்.

"நாயுடு யாரைக் கேட்டார்?" என்பீர்கள். 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே பஸ்ஸைத் தானே ஓட்டியவர்தான், ஆனால் அவருடைய பஸ் நிறுவனமான யு.எம்.எஸ். வளர்ந்ததும் அவரும் ஒர்க்‌ஷாப்தான் கட்டினார். "ஃபில்டர் மலிவு, கூலி தண்டம்" என்பது அடுத்த வாதம். காமன் ரெயில் டீசலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். மாற்றும்போது உள்ளே நழுவும் பொடித்தூசியே இன்ஜெக்டரைக் கெடுக்கும். இன்ஜெக்டர் விலையைக் கேட்ட பிறகு கூலி சலுகையாகவே தெரியும்.

ஆகவே, காமன் ரெயில் டீசல் அல்லாத வண்டியில் ஃபில்டர் வெளியே இருந்தால், எஞ்சின் ஆறிய பின், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் தாராளமாக மாற்றுங்கள். பீடியை மட்டும் நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டேங்குக்குள் இருந்தாலோ, காமன் ரெயில் டீசல் என்றாலோ, மெக்கானிக்கும் பிழைக்கட்டுமுங்க!