தெர்மோஸ்டாட் நிர்ணயம்

மோட்டார் வண்டியின் அங்கங்களுள் டயருக்கும் பாட்டரிக்கும் கிடைக்கும் கௌரவத்தில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கப்பெறாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எஞ்சினைத் தொடும் இடத்தில், இரண்டு போல்ட்டுகள் பூட்டிய ஓர் அலுமினிய மூடிக்குள் அஞ்ஞாதவாசம் செய்துவரும் தெர்மோஸ்டாட் என்னும் பதார்த்தத்தின் ஸ்வரூபத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்குப் பறிகொடுத்தவன் என்ற ஒரே யோக்யதையைக் கொண்டு, அடியேன் இங்கே விசாரிக்கத் துணிகிறேன்.

முதலில் நாம விசாரம். 1830-இல் இப்பெயரை வழங்கியவர் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து ரசாயன நிபுணர். வஸ்துவோ பெயருக்கு மூத்தது: பதினேழாம் நூற்றாண்டிலேயே கொர்னேலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், கோழி முட்டை பொரிக்கும் அடுப்பு தன் சூட்டைத் தானே நிதானித்துக்கொள்ளும்படி ஒரு கருவி செய்தார். முட்டைக்குச் செய்த உபகாரம் எஞ்சினுக்கு வந்து சேர்ந்தது.

இனி லக்ஷணம். ஒரு குப்பி நிறைய மெழுகு, அதில் செருகிய ஓர் ஊசி, இழுத்து மூடும் ஸ்பிரிங், அவ்வளவே. எஞ்சின் ஆறியிருக்கும்வரை ஸ்பிரிங் கதவைச் சாத்தி, தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் உள்ளேயே சுற்றவிடுகிறது. சூடேறி மெழுகு உருகிப் பருத்ததும், ஊசி உந்திய உந்தலில் ஸ்பிரிங் தோற்றுக் கதவு திறக்கிறது. மின்சாரமும் வேண்டாம், எந்த உத்தியோகஸ்தரின் கையெழுத்தும் வேண்டாம்.

அடியேனின் வண்டியில் இந்தக் கதவு திறக்க மறுத்தது. நான்கு கிலோமீட்டருக்குள் முள் சிவப்புக் கோட்டை எட்டியது. எஞ்சின் கொதிக்க, ரேடியேட்டரின் அடிப்பாகமோ கிணற்றடிக் கல்லைப்போல் ஜில்லென்றிருந்தது. பூர்வபக்ஷத்தை எடுத்துரைத்தவர் தெருமுனை மெக்கானிக்: "சார், நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு? கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க, ஹீட்டே ஆகாது." இந்த நீக்கல்வாதம் தேசமெங்கும் செல்வாக்குள்ளது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. கத்திரி வெயிலின் 40 டிகிரியும், எஞ்சின் விரும்புகிற 82 டிகிரியின் முன்னே மார்கழிதான். போதிய சூடு ஏறாத எஞ்சின் பெட்ரோலை அதிகம் குடிக்கும். எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகாமல் அங்கேயே தங்கிச் சேறாகும்.

சித்தாந்தத்துக்குப் பிரத்யக்ஷப் பிரமாணம் வேண்டுமல்லவா? எஞ்சின் முற்றும் ஆறியபின் (சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பவருக்கு எந்தச் சாஸ்திரமும் உதவாது) பத்தாம் நம்பர் ஸ்பானரால் பழையதைக் கழற்றி, புதியதோடு அடுக்களைக்குள் பிரவேசித்தேன். வீட்டிலிருந்த ஜுர தெர்மாமீட்டர் 42-க்கு மேல் அறியாததால், அடுத்த வீட்டு ரசாயன ஆசிரியரிடம் 110 டிகிரி வரை காட்டுவதொன்றை இரவல் பெற்றேன். ஸ்க்ரூ டிரைவரால் கதவை நெம்பி, அதன் வாயில் தையல் நூலைக் கவ்வவைத்து, பாத்திரத்து நீரில் அடிதொடாமல் தொங்கவிட்டு, அடுப்பை மூட்டினேன். புதியது, அதன் விளிம்பில் பொறித்திருந்த 82-ஐத் தாண்டி ஒரு டிகிரி ஏறியதும், நூலை விட்டுவிட்டுத் தொப்பென்று விழுந்தது. பழையதோ, தண்ணீர் தளபுளவென்று கொதித்து நீராவி கண்ணாடியை மறைத்த பிறகும் நூலை உடும்புப்பிடியாய்ப் பிடித்திருந்தது.

"என்னங்க, அது பால் காய்ச்சுற பாத்திரமாச்சே!" என்று பின்னாலிருந்து எழுந்த ஆக்ஷேபத்துக்கு எந்தத் தர்க்க நூலிலும் சமாதானம் இல்லை. கூலன்ட்டில் ஊறிய பண்டத்தை வேகவைத்த பாத்திரத்தில் மறுபடி பால் காய்ச்சலாகாது என்பது விஞ்ஞானமும் அவள் கட்சியில் சேர்ந்துவிட்ட இடம்.

பூட்டுவதில் சூக்ஷ்மம் இரண்டே: மெழுகுக் குப்பி எஞ்சினைப் பார்த்திருக்கவேண்டும், காற்றை வெளியேற்றும் சிறு துவாரம் உச்சியில் நிற்கவேண்டும். பழைய காஸ்கெட்டைப் பிளேடால் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அடியேன் எழுதப்போவதில்லை.

பலசுருதி: முள் இப்போது நடுவில் நிற்கிறது. மெக்கானிக் கட்சி மாறவில்லை. பால் பாத்திரம் ஷெட்டில் இருக்கிறது.