தாத்தாவுக்கு விம் தெரியாது

அடேய் பேராண்டி, கீரமங்கலத்துப் பக்கம் பலாப்பழம் சுமந்து வளந்த எனக்கு உன் கம்ப்யூட்டரைப் பத்தி என்னடா தெரியும்? ஏதோ ரிட்டையர் ஆகுற வரைக்கும் ஆபீஸ்ல டைப்ரைட்டரோட மல்லுக்கட்டினவன். ஹையர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 45 வார்த்தை. குனிஞ்சு விரலைப் பாத்தா வாத்தியார் ஸ்கேல் பேசும். அவ்வளவுதான் நம்ம படிப்பு.

நீ வீட்டுலேர்ந்தே விம்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல வேலை பாக்குற அழகைத் திண்ணையிலேர்ந்து ரசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நாப்பதாவது வரிக்குப் போக ஜே, ஜே, ஜேன்னு தட்டுறியே, ஆலங்குடி டவுன் பஸ் உங்கிட்ட தோத்துச்சு போ. அது ஆள் கை காட்டினாத்தான் நிக்கும், நீ வரிக்கு வரி நிக்கிற. 40 அடிச்சுப் பெரிய ஜி போட்டா ஒரே தாவு. தேடுற வார்த்தை தெரியுமா, சாய்கோட்டைத் தட்டி அதை எழுது.

நேத்து ஒரு கோப்புல 'புதுகோட்டை'ன்னு ஒத்து விட்டுப்போயி பத்துப் பதினஞ்சு எடத்துல கெடந்துச்சு. பாவம், ஒவ்வொண்ணா அழிச்சு அடிச்ச. அதைத் தேடிப் புடிச்சு, சி டபிள்யூ போட்டு ஒரு தரம் திருத்தி எஸ்கேப் தட்டு. அப்புறம் 'என்' எழுத்தைத் தட்டினா அடுத்த எடம், புள்ளி வச்சா அதே திருத்தம். கூலி வாங்காத ஆளு அந்தப் புள்ளி.

தமிழ்99 கீபோர்டை மாத்தாமயே ஆணை குடுக்குறியே, அதான் கூத்து. வரியை அழிக்க டி டின்னு தட்டுற. அங்க போயிச் சேருறது 'உ'. அழிக்கச் சொன்னா பிள்ளையார் சுழி போடுற! விம்முக்குள்ளயே கீமேப்னு ஒண்ணு இருக்குடா. எழுதும்போது தமிழ், எஸ்கேப் தட்டினா ஆணை தானா ஆங்கிலம். கூடவே வர்ற தமிழ்க் கீமேப் பழைய டிஸ்கி எழுத்துக் குறியீட்டுக் காலத்துது. யூனிகோடுக்கு நீயே ஒரு கோப்பு எழுதிக்க. படிச்ச புள்ளதானே?

எஸ்கேப் எட்டலைன்னு மூஞ்சியைத் தூக்காத. 1976ல பில் ஜாய் விம்முக்கு முன்னோடியான விஐயை எழுதினப்ப அவர் வச்சிருந்த ஏடிஎம்-3ஏ முனையத்துல, இப்ப டேப் இருக்குற எடத்துலதான் எஸ்கேப் இருந்துச்சு. ஹெச், ஜே, கே, எல் மேலயே அம்புக்குறியும் அச்சடிச்சிருந்தாங்க. வேலைவெட்டி இல்லாத கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பா மாத்திக்க. பிளகின் மூட்டை மூட்டையா ஏத்தி வச்சிருக்கியே, விம்டியூட்டர் பாடத்தை முடிச்சியா? அரை மணி நேரம்டா. வர்ணம் மாத்துறதுக்கே நீ ஒரு ஞாயித்துக்கெழமையைத் தின்னுட்ட.

இன்னொண்ணு. விம்மைத் திறந்ததும் உகாண்டாவுல ஏழைப் புள்ளைங்களுக்கு உதவுங்கன்னு ஒரு வரி வருமே, படிச்சிருக்கியா? 1991ல விம்மை வெளியிட்ட பிரம் மூலனார் காசு கேக்கலை. பிடிச்சிருந்தா உகாண்டாவுல கிபாலேயில இருக்குற புள்ளைங்களுக்குக் குடுங்கன்னுதான் கேட்டாரு. 2023 ஆகஸ்ட்ல மனுசன் போய்ச் சேந்துட்டாரு. சம்பளம் வந்ததும் அங்க கொஞ்சம் அனுப்பு. மிச்சத்துல தாத்தாவுக்கு ஒரு கவுளி வெத்தலை வாங்கிக் குடு.