கல்லூரித் திணை: இடம் பல பெற்றார்க்குரிய இயல்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் வரையுள்ள பெரும்பொழுதுக்குத் தொல்காப்பியர் திணை வகுக்காமல் போனது தமிழுக்கு நேர்ந்த குறை. அதை நிரப்பவே இவ்வாய்வு.

பொறியியல் இதில் அடங்காது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று கட்-ஆஃப் போட்டு, கலந்தாய்வில் ஒரு சுற்றுக்கு ஓர் இடம்தான் ஒதுக்குவார்கள். தனியார் கலை அறிவியல் கல்லூரிகளோ தனித்தனியே விண்ணப்பம் வாங்கித் தனித்தனியே செலக்‌ஷன் லிஸ்ட் போடுபவை. ஆய்வுக்குரிய தலைவி திருச்சிக்காரி. பி.காம். இடம் திருச்சியில் ஒன்று, கோவையில் ஒன்று, சென்னையில் ஒன்று எனக் கிடைத்துவிட்டது. மூன்றுக்கும் பணம் கட்டக் கடைசித் தேதி ஏறக்குறைய ஒன்றே.

அகப்பாட்டில் யார் யார் பேசலாம் என்பதற்குத் தொல்காப்பியச் செய்யுளியலில் விதி உண்டு. தலைவியும் தோழியும் செவிலியும் பேசலாம். ஊரார், அயலார், தந்தை, தமையன் ஆகியோருக்கு நேர்க்கூற்று இல்லை. அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துச் சொன்னால் உண்டு. கல்லூரித் திணையில் இது அப்படியே தலைகீழ். தந்தை ஹாஸ்டல் கட்டணத்தை மூன்றால் பெருக்கிக் காட்டுகிறார். தமையன், "பி.காம்.ல சி.ஏ. இருக்கான்னு பார்த்தியா?" என்கிறான். எதிர்வீட்டம்மா, "பொம்பளப் புள்ளைய எதுக்கு அவ்ளோ தூரம்? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினா நடக்குற தூரத்துல காலேஜ்" என்று மாடியிலிருந்தே தீர்ப்பு வழங்குகிறார். நற்றாய் கவலை தண்ணீரைப் பற்றியது: சென்னைத் தண்ணிக்கு முடி கொட்டுமாம். தலைவி கூற்று: "ம்."

மாமாவுக்குத் தனி நூற்பா தேவை. அவர் பரிந்துரைப்பது 'பழைய காலேஜ்'. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1837இல் தொடங்கியது, மாநிலக் கல்லூரி 1840இல். மாமாவின் கணக்கில் பழமை அவர் படித்த ஆண்டில் தொடங்கி, அவர் வெளியேறிய ஆண்டோடு முடிகிறது. அதன்பின் எல்லாக் கல்லூரியும் கெட்டுவிட்டது. அரசின் கணக்கு வேறு: 2016 முதல் நடுவணரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் ஐந்து அளவுகோல்கள் உண்டு. அவற்றில் ஒன்று, நாலு பேர் அக்கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது. அதன் எடை நூற்றுக்குப் பத்து. திருச்சி வீடுகளில் தொண்ணூறுக்குக் குறையாது என்பது இவ்வாய்வாளர் துணிபு. இதில் அறிவியல் எதுவும் இல்லை.

இனி டி.சி. இடம் மூன்றானாலும் அசல் மாற்றுச் சான்றிதழ் ஒன்றே. முதலில் சேர்ந்த கல்லூரி அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால், நல்ல இடம் பின்னால் வந்தும் பயனில்லை. அசலைப் பிடித்துவைக்கக் கூடாதென்று 2018இல் யு.ஜி.சி. அறிவித்தது. இருந்தும் கவுன்ட்டரில் கேட்டுப் பாருங்கள், "சார் லஞ்சுக்குப் போயிருக்காரு" என்ற பதில் வரும். இதைப் பாலை எனலாம். பிரிவு அலமாரிக்கும் டி.சி.க்கும் இடையே நிகழ மறுப்பதால் உரையாசிரியர்கள் வேறுபடக்கூடும்.

முடிவு எப்படி எடுக்கப்பட்டது? இரவு பதினொன்றரைக்குத் தோழி கூற்று வாட்ஸ்அப்பில் வந்தது: "நான் கோயம்புத்தூர்டி. நீ?" காலையில் தலைவி பிளேஸ்மென்ட் பற்றித் தெளிவாக நாலு வாக்கியம் பேசினாள். ஒன்பது மணிக்குத் தந்தை எதிர்வீட்டம்மாவிடம், "நல்லா விசாரிச்சு, நான்தான் கோயம்புத்தூர்ல போட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.