பீரோவுக்குள் 287 ஆண்டுகள்

சுகபோகம் அனுபவிப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள், முகூர்த்தங்கள் நெருங்கும் மாதத்தில் சென்னை தியாகராய நகரில் ஏதாவது ஒரு பட்டு மாளிகைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஏசிக் குளிரில் மெத்தையில் சாய்ந்து, காப்பி குடித்து, எண்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்லி, எண்பதுக்கும் உதட்டைப் பிதுக்கி, எண்பத்தோராவதை "சுமார்தான்" என்று ஏற்றுக்கொள்வதற்குள் அந்த அம்மையாருக்கு இடுப்பே விட்டுப்போகிறது. பாவம், உழைக்கிறார். கடைசியில் "கைத்தறிதானே?" என்று கேட்கிறார். ஆமாம் என்றதும் முகத்தில் ஒரு நிறைவு, பண்பாட்டைத் தனியாளாக நின்று காப்பாற்றிவிட்ட நிறைவு. அது ஆறுவதற்குள் அடுத்த கேள்வி: "கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா?"

நட்சத்திர ஓட்டலில் இதே அம்மையாருக்கு ஒரு காப்பிக்கு முந்நூறு ரூபாய் பில் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். அங்கே பேரம் பேசினால் கௌரவம் போய்விடும். ஒரு மனிதன் கையால் செய்த பொருள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் நமக்குப் பேரம் பேசும் தைரியம் வருகிறது.

அந்தக் கை எந்த ஊரில் இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம், ஆரணிக்கு அருகே, முள்ளிப்பட்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடெல்லாம் உண்டு. குறியீடு பத்திரமாக ஆரணியிலேயே இருக்கிறது. சேலைதான் பஸ் ஏறி நகரத்துக் கடைக்குப் போனதும் பல நேரம் காஞ்சிபுரமாகிவிடுகிறது.

இந்தப் பக்கத்து நெசவாளர் வீட்டில் தறிக்குப் போக மிச்சம் இருக்கிற இடம்தான் வீடு. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிறவரின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் அட்டைகள். மின்விசிறி இருக்கும், போட முடியாது. காற்றுக்கு இழை அலையும். அக்னி நட்சத்திரத்து வெயிலில், ஓடு வேய்ந்த கூரைக்குக் கீழே! மழைக்காலம் வந்தால் தண்டனை மாறும். பாவு ஈரம் குடித்துக்கொள்ளும், தறிக்குழியில் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும், கூலியும் கூடவே நிற்கும். தறியில் உட்காருவது ஒருவர் என்றாலும், தார் சுற்றுவதற்கும் அறுந்த இழையைப் பிணைப்பதற்கும் மனைவி வேண்டும், அம்மா வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்ணும் வேண்டும். கணக்கு நோட்டில் மட்டும் ஒரே பெயர், ஒரே கூலி.

கூலியை ஏற்றிக் கேட்டால் திண்ணையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"பட்டு வெல ஏறிச்சு, ஜரிக வெல ஏறிச்சு. எங்க கூலி மட்டும் அப்படியே கீதே மொதலாளி?"

"ஏவாரமே டல்லா கீதுப்பா, நான் இன்னா பண்றது? அட்வான்ஸு வேற வாங்கினு கீற."

அந்த அட்வான்ஸோடு பேச்சு முடிந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கோ அம்மாவின் ஆபரேஷனுக்கோ வாங்கிய பணம். அதைக் கட்டி முடிக்காமல் வேறு மொதலாளியிடம் தறி போட முடியாது. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டோம், ஆகையால் இது கொத்தடிமை இல்லை. வேறு ஏதோ.

ஒன்றிய அரசு 2019–20-ல் நான்காவது முறையாகக் கைத்தறிக் கணக்கெடுப்பு நடத்தியது. கைத்தறித் தொழிலாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்கூடச் சம்பாதிப்பதில்லை என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. இப்போது அம்மையாரின் பில்லைப் பாருங்கள். சேலை ஒரு லட்சம். ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆக 5,000 ரூபாய். கார்டைத் தேய்த்த நொடியில் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்த அதே தொகையைத்தான் அந்தக் குடும்பங்கள் ஒரு மாதம் முழுக்கக் கையும் காலும் ஆட்டியும் எட்ட முடியவில்லை. ஒரு இழைகூடப் போடாத அரசாங்கத்துக்குக் கூலி பாக்கி என்ற பேச்சே கிடையாது.

அனுபவிப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாடு 1996-லேயே பதில் சொல்லிவிட்டது. அளவு: 10,500. அந்த டிசம்பரில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் போயஸ் தோட்டத்து வீட்டைச் சோதனை போட்டபோது கிடைத்த சேலைகள் என்று நாடு முழுக்கப் பேசப்பட்ட எண்ணிக்கை அது. கூடவே 750 ஜோடி செருப்பு, 91 கைக்கடிகாரம். முந்தைய ஆண்டுதான், 1995 செப்டம்பர் 7 அன்று, அவருடைய வளர்ப்பு மகன் கல்யாணத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பந்தியில் உட்கார்ந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்திருந்தோம்.

கணக்குப் போடுவோம். அத்தனையும் கைத்தறிப் பட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேலைக்குப் பத்து நாள். வேலைப்பாடு கூடினால் இன்னும் இழுக்கும், போகட்டும். மொத்தம் 1,05,000 நாள். தீபாவளி, சாவு, காய்ச்சல், மழை எதற்கும் எழுந்திருக்காமல் ஒரே ஆள் நெய்தால் 287 ஆண்டு. ஔரங்கசீப் கண்ணை மூடியது 1707-ல். அடுத்த இரண்டே வருடத்தில் முள்ளிப்பட்டில் ஒருவன் தறிக்குழியில் காலை விட்டிருந்தால், ஆற்காட்டு நவாபுகள் வந்து போய், கும்பினியார் வந்து போய், சுதந்திரமும் வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிற நேரத்தில், சோதனைக்கு அதிகாரிகள் கதவைத் தட்டுகிற சமயத்தில் கடைசிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்து மடித்திருப்பான். தினம் ஒன்றாகக் கட்டிக் கழித்தாலே இருபத்தெட்டே முக்கால் வருடம் ஆகும். ஆட்சியோ ஐந்து வருடம். நாம் என்ன செய்தோம்? டிவியில் காட்டியதைப் பார்த்துவிட்டு, "அந்த மயில்கழுத்துக் கலரு நல்லாருக்கு இல்ல?" என்றோம்.

அந்தச் சொத்துக்குவிப்பு வழக்கு 2017 பிப்ரவரியில், ஜெயலலிதா இறந்த பிறகுதான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. செருப்பைக்கூட ஜோடி ஜோடியாக எண்ணினார்கள். நெய்தவர்களைப் பற்றி விசாரிக்கும் வேலை நீதிமன்றத்துக்கு இல்லை, சரி. இருபது வருடம் அந்த எண்ணிக்கையை மென்று ருசித்த நமக்கும் இல்லாமல் போனது எப்படி?

ஒருவர் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு மற்றவர்கள் கைகழுவ முடியாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். கூலியை நோட்டாக எண்ணி வாங்கும் நெசவாளிகள் திகைத்து நின்றார்கள். எட்டே நாளில், 16-ம் தேதி, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் ஹம்பியையே செட் போட்டு முன்னாள் கர்நாடக அமைச்சர் ஜனார்த்தன ரெட்டி வீட்டுக் கல்யாணம். மணப்பெண் கட்டிய காஞ்சிபுரம் பட்டு 17 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. நம்புவது உங்கள் இஷ்டம். நாடே ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்ற வாரத்தில், அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் சில்லறைத் தட்டுப்பாடு வரவில்லை.

அரசாங்கமும் சும்மா இருந்துவிடவில்லை. 2015 ஆகஸ்ட் 7 அன்று பிரதமர் சென்னைக்கே வந்து முதல் தேசிய கைத்தறி நாளைத் தொடங்கிவைத்தார். 2020-ல் அதே நாளுக்குச் சில நாட்களே இருக்கும்போது அகில இந்திய கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். வாரியம் போனாலும் நாள் தப்பிவிட்டது. வருடாவருடம் கைத்தறி உடுத்திப் படம் பிடித்துப் போடுகிறார்களே, அதற்கு வாரியம் எதற்கு? விசைத்தறியிடமிருந்து கைத்தறி ரகங்களைக் காப்பாற்ற 1985-ல் போட்ட ஒதுக்கீட்டுச் சட்டமும் உயிரோடுதான் இருக்கிறது. விசைத்தறிச் சத்தத்தில் அது பேசுவது யாருக்கும் கேட்பதில்லை.

"பணக்காரர்கள் வாங்காவிட்டால் நெசவாளி பட்டினிதானே?" என்று ஒரு கூட்டம் கேட்கிறது. அதாவது, அவர்கள் பட்டு கட்டுவதே நெசவாளி மேல் உள்ள கருணையால். கும்பிடுகிறேன் சாமி. வாங்குங்கள், கட்டுங்கள், மினுக்குங்கள். நார்மடி கட்டி நோன்பிருக்கச் சொல்ல நான் சாமியார் இல்லை. பட்டு அழகுதான். ஆனால் ஒரு லட்சத்தைக் கொட்டிவிட்டு அது தறிக்காரன் வயிற்றுக்குப் போனது என்று ஏப்பம் விடாதீர்கள். நெசவாளி தன் மகள் கல்யாணச் சேலைக்காக இழை இழையாகப் பட்டு திருடும் 'காஞ்சிவரம்' படத்துக்குத் தேசிய விருது கொடுத்த நாடு இது. அழுதோம், துடைத்துக்கொண்டோம், முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனோம்.

அசல் ஜரிகையில் தங்கம் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. மீதி வெள்ளி, செம்பு, பட்டு நூல். அந்தத் துளித் தங்கம் உண்மைதானா என்று உரசிப் பார்க்கிறோம். பட்டுக்கு சில்க் மார்க் முத்திரை கேட்கிறோம். அந்த முத்திரைச் சீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. அங்கே ஒரே ஒரு வரி அச்சடிக்கச் சொல்லுங்கள்: நெய்கூலி இவ்வளவு. கடைக்காரருக்குச் செலவில்லை. விளம்பரத்தில் சிரித்த நடிகைக்குக் கொடுத்ததை அடுத்த வரியில் போட்டால் இன்னும் விசேஷம். படித்த பிறகு யாருக்காவது பேரம் பேச வாய் வந்தால் தாராளமாகப் பேசட்டும்.

கல்யாண மண்டபத்தில் மாமன் சீர் எத்தனை பவுன் என்று மைக்கில் முழங்குகிறோமே, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். "மணமகள் கட்டியிருக்கும் கூறைப் பட்டு, விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம், நெய்கூலி..." என்று மைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டுக்கொண்டே பாயசத்தை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடிக்கும் பந்தியை எனக்குக் காட்டுங்கள். அந்தக் கல்யாணத்துக்கு நானே ஆயிரத்தொன்று மொய் எழுதுகிறேன்.